மல்லிகைக்கு எப்போது தண்ணீர், எப்போது பட்டினி?



நான் குடியிருப்பது சென்னையில், பெரம்பூரில். பெரம்பூர் என்றதும் உங்களுக்கு 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். அங்கே மல்லிகைத் தோட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தோட்டம் இல்லை. ஆனால் பழைய வீடுகளின் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குண்டுமல்லிச் செடி நிற்கும். எங்கள் எதிர்வீட்டிலும் ஒன்று நிற்கிறது. வைத்து எட்டு வருஷம் ஆயிற்று. ஆள் உயரத்துக்கு மேல் புதராக மண்டிக் கிடந்தது. பூ மட்டும் விரல்விட்டு எண்ணலாம்.

அந்த வீட்டு அம்மா ஒருநாள் என்னை மடக்கிக்கொண்டார். "இன்னா சார், நீ விவசாய ஆபீசராமே. எங்க மல்லிச் செடிக்கு இன்னா கேடு? எல தான் வருது, பூவே வர்ல. தண்ணி ஒரு நாள் கொறச்சது இல்ல சார்" என்றார்.

நோய் அவர் வாயாலேயே வந்துவிட்டது. ஒரு நாள் கூடத் தண்ணீர் குறைத்ததில்லை. துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் வருஷம் 365 நாளும் அந்தச் செடியின் காலடிக்கே போய்க்கொண்டிருந்தது. இலைகள் வேறு மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. சோப்புத் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை ஏறினால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. அதன் அடையாளம் இது.

இதை உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை பக்கமும் பொன்னேரி பக்கமும் நான் பார்த்த பல மல்லிகைத் தோட்டங்களில் இதே கதைதான். கல்லுக்குப் பதில் போர் இருக்கிறது, வாளிக்குப் பதில் மோட்டார் இருக்கிறது, அவ்வளவுதான். கிணற்றில் தண்ணீர் இருந்தால் விடுகிறோம், இல்லாவிட்டால் விடுவதில்லை. செடிக்கு அது எந்தக் காலம் என்று யோசிப்பதில்லை.

மல்லிகை பூப்பது புதுத் துளிரின் நுனியில். பழைய குச்சியில் பூ எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஒரே சமயத்தில் நிறையப் புதுத் துளிர் வரவேண்டும். அதற்கு முன் செடி கொஞ்ச காலம் அடங்கி ஓய்வு எடுக்கவேண்டும். அந்த ஓய்வில் இலைகள் சேர்த்த மாவுச் சத்து தண்டிலும் வேரிலும் தங்குகிறது. பிறகு கவாத்து செய்து, உரம் வைத்து, தண்ணீர் விட்டதும் அந்தச் சேமிப்பு முழுவதும் துளிராகவும் மொட்டாகவும் வெளியே வருகிறது. ஓய்வே கொடுக்காமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் செடி கொடியோடி இலை விட்டுக்கொண்டே போகும். கையில் வந்த கூலியை அன்றன்றே செலவு செய்கிறவன் மாதிரிதான், சேமிப்பு இருக்காது.

ஆகவே கவாத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மணல் பாங்கான நிலமென்றால் இரண்டு வாரமே போதும். களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கு மூன்று வாரம் வேண்டும். இலையின் பளபளப்பு மங்கி, அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் பழுத்து உதிரத் தொடங்கினால் பட்டினி போதும் என்று அர்த்தம். இளங்குச்சி காயும்வரை விடாதீர்கள். அது பட்டினியைத் தாண்டிக் கொலையாகிவிடும்.

இவ்வளவும் புத்தகத்தில் உள்ள பாடம். கவாத்துக்கு நவம்பர் கடைசி வாரம் என்றும் புத்தகத்தில் இருக்கும். இதில்தான் நான் ஒரு தடவை தவறு செய்தேன்.

வேலையில் சேர்ந்த புதிது. பொன்னேரி வட்டத்தில் ஒரு பெரியவரின் அரை ஏக்கர் மல்லிகைக்கு, படித்ததை அப்படியே சொல்லிவிட்டு வந்தேன். ஐப்பசிக் கடைசியில் தண்ணீரை நிறுத்துங்கள், கார்த்திகையில் வெட்டுங்கள் என்றேன். அவர் நிறுத்தினார், வானம் நிறுத்தவில்லை. வெட்டிய நாலாம் நாள் மழை பிடித்தது. ஒரு வாரம் விடவில்லை. வெட்டுவாய்கள் கறுத்து, குச்சிகள் மேலிருந்து கீழே காய்ந்து வந்தன. பாத்தியில் தண்ணீர் தேங்கிய இடத்தில் செடி அடியோடு போயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, புஸ்தகம் எழுதினது எந்த ஊர்லயோ, மழை பெய்றது இந்த ஊர்ல" என்றார். அந்த வார்த்தை இன்னும் எனக்கு உறைக்கிறது.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. சென்னைப் பக்கம் வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடும். மதுரை, நிலக்கோட்டைப் பக்கத்து விவசாயி கார்த்திகையில் மடையை அடைத்தால் ஓரளவுக்குச் செடி பட்டினி கிடக்கும். நம் கடலோரத்தில் மடையை அடைத்து என்ன பயன்? ஆகவே மழைக்காலத்தில் நமக்குத் தண்ணீர் விடும் வேலை கிடையாது. தண்ணீரை வெளியேற்றும் வேலைதான் உண்டு. அதையும் நீர்ப் பாசனத்தில் ஒரு பகுதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி பிறந்ததும் வட்டப்பாத்திகளின் கரையை உடைத்துவிடுங்கள். கோடையில் செடியைச் சுற்றிக் குழிவாக இருந்த இடத்தை மண் அணைத்து மேடாக்கவேண்டும். கோடையில் குழி, மழையில் மேடு. நாலு வரிசைக்கு ஒரு வடிகால், ஒன்றரைச் சாண் ஆழத்துக்குக் குறையாமல், நிலத்தின் தாழ்ந்த பக்கமாகச் சரிவு கொடுத்து வெட்டுங்கள். அந்த வடிகால் போய்ச் சேரும் பொதுக் கால்வாய் அடைபட்டுக் கிடந்தால் பக்கத்து நிலத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு முன்னாலேயே தூர் வாருங்கள். மழை வந்த பிறகு மண்வெட்டியும் சண்டையுமாக வரப்பில் நிற்பதில் லாபம் இல்லை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது உங்களுக்கு மறந்திருக்காது. அதற்குப் பிறகு அடுத்தடுத்து இருந்த இரண்டு மல்லிகைத் தோட்டங்களைப் பார்த்தேன். ஒரே மண், ஒரே வயசுச் செடி. ஒன்றில் வடிகால் இருந்தது, மழை விட்ட மறுநாள் தண்ணீர் வடிந்துவிட்டது. இன்னொன்றில் நாலு நாள் நின்றது. வேருக்கும் மூச்சு உண்டு. மண் இடுக்கிலுள்ள காற்றைத்தான் அது சுவாசிக்கிறது. அந்த இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பினால் வேர் மூச்சுமுட்டிச் சாகிறது. செத்த வேரில் பூசணம் ஏறுகிறது. செடியின் அடித்தண்டைக் கீறிப் பார்த்தால் வெள்ளை நூல் போலவும், கடுகு போன்ற சிறு உருண்டைகளாகவும் தெரியும். நாலு நாள் தண்ணீர் நின்ற தோட்டத்தில் தை மாதத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு செடி போய்விட்டது.

அப்படித் தண்ணீர் நின்றுவிட்டால் முதலில் வடியுங்கள். சேற்றில் இறங்கி மிதிக்காதீர்கள். மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும் லேசாகக் கொத்திவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேர்ப் பகுதி நனைய ஊற்றுங்கள். சோர்ந்து நிற்கிறதே என்று உடனே யூரியா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயிற்றுப்போக்குக்காரனுக்கு விருந்து வைப்பதுபோல் அது.

அப்படியானால் நம் பக்கம் எப்போது வெட்டுவது? தேதியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து வெட்டுங்கள் என்பதுதான் இப்போது நான் சொல்வது. மழை ஓய்ந்து, வடிகால் காய்ந்து, பத்துப் பதினைந்து நாள் வெயில் அடித்து, செடி நான் முன்பு சொன்ன பட்டினி அடையாளத்தைக் காட்டவேண்டும். பெரும்பாலும் அது மார்கழியில் வரும், சில வருஷம் தை பிறந்துவிடும். பூ வருவது இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும்தான். செடியே போவதற்கு அது எவ்வளவோ மேல்.

தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஒரு முழம் விட்டு, கூரிய கத்தரியால் வெட்டுங்கள். காய்ந்த குச்சி, நோய்க் குச்சி, உள்பக்கம் பின்னிக்கிடப்பவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சுற்றிலும் லேசாகக் கொத்தி நாலைந்து நாள் ஆறப்போடுங்கள். பிறகு செடிக்கு 10 கிலோ தொழு உரம். ரசாயன உரத்தில் செடி ஒன்றுக்கு ஒரு வருஷத்துக்கு யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இதில் பாதி இப்போது, மீதிப் பாதி ஆனி-ஆடியில். உரம் வைத்து மண் மூடிய பிறகுதான் அந்த வருஷத்தின் முதல் தண்ணீர். அந்தத் தண்ணீர் மட்டும் தாராளமாக, வேர் ஓடும் ஆழம் முழுவதும் ஊறும்படி இருக்கவேண்டும். பட்டினி கிடந்த செடிக்கு அரை வயிறு சோறு போடக்கூடாது.

அதிலிருந்து வாரம் ஒரு தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. மீஞ்சூர்ப் பக்கத்து மணல் நிலத்துக்கு நாலைந்து நாளுக்கு ஒரு தடவை வேண்டியிருக்கும், செங்குன்றம் பக்கத்துச் செம்மண்ணுக்கு ஏழு நாள் சரி, களிமண் பத்து நாள் தாங்கும். ஆனாலும் நாள்காட்டியை நம்பவேண்டாம். செடிக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் தண்ணீர் வேண்டாம். கை திறந்ததும் உதிர்ந்தால் அன்றே விடுங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

மாசி, பங்குனியில் துளிர் நுனியில் மொட்டு தெரியும். அப்போது தொடங்கி ஆடிவரை ஒரு முறை தவறினாலும் பூவில் தெரியும். மொட்டு சிறுக்கும், காம்பு குட்டையாகும். எடை நிற்காது. பூக்கடைக்காரர் கூடையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அக்கினி நட்சத்திரத்தில் வறட்சி தட்டினால் செஞ்சிலந்திப் பேனும் சேர்ந்துகொள்ளும். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை, மேல்புறம் புள்ளி புள்ளியாக வெளிறல். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். செடியைச் சுற்றி வைக்கோலோ கரும்புச் சோகையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் தண்ணீர் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும்.

பூப்பறித்த பிறகு தண்ணீர் பாய்ச்சுங்கள். முதல்நாள் மாலை பாய்ச்சினால் விடியற்காலை இருட்டில் பறிக்கிற பெண்கள் சேற்றில்தான் நடக்கவேண்டும். ஈரத்துக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் வருவது எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இனி எவ்வளவு என்ற கேள்வி. ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 2,560 செடி வரும், ஒரு செடிக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர் இடம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். மே மாத வெயில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் குடித்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் செடியின் இடம் முழுவதற்கும் 9 லிட்டர் ஆகிறது. ஆனால் கவாத்து செய்து வளர்த்த செடியின் நிழல் அந்த இடத்தில் பாதிக்குத்தான் விழும். ஆகவே நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் போதும். ஏக்கருக்கு 12,800 லிட்டர்.

இந்த எண்ணைப் பெரம்பூர்க்காரனாக எனக்குப் புரியும்படி சொல்கிறேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிப்போய், எங்கள் தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் தெருவே குடத்தோடு நிற்கும். ஒரு ஏக்கர் மல்லிகை ஒரு நாளைக்குக் குடிப்பது ஒரு லாரியைவிடச் சற்று அதிகம். அதுவும் சொட்டுநீரில், சிந்தாமல் கொடுத்தால். வாய்க்காலில் பாய்ச்சினால் ஒரு முறைக்கு ஐந்து சென்டிமீட்டர் நிற்கவைத்தாலே இரண்டு லட்சம் லிட்டர் ஆகிவிடுகிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இன்னும் இருப்பதால்தான் சொல்கிறேன்.

ஆனி முதல் ஆவணிவரை நம் பக்கம் சாயங்காலத்தில் இடிமழை வரும். நேர்ச்சுவராக உள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, காலையில் பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிக்கோலால் அளந்து பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒரு தண்ணீரைத் தள்ளிப்போடலாம். தூறலை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது ஒரு சங்கடமான விஷயம். மார்கழி, தையில் பூ இருக்காது. கோயம்பேட்டில் விலை ஏறும். பொங்கலும் முகூர்த்தமும் அடுத்தடுத்து வரும். "வெட்டாம விட்டு, ரெண்டு தண்ணி கூட விட்டா நாலு கிலோ பூ எடுக்கலாமே சார், வெல கொழுத்துக் கெடக்குதே" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. கடன் உள்ளவனுக்கு இன்றைய நாலு கிலோதான் கண்ணில் தெரியும். ஆனால் குளிரிலும் பனியிலும் குண்டுமல்லி தரும் பூ கொஞ்சம்தான். அதற்காக ஓய்வைக் கெடுத்தால் சித்திரையில் கூடை கூடையாக வரவேண்டியது குறைந்துபோகும். ஆசை விடாவிட்டால் தோட்டத்தின் மேட்டுப் பக்கத்து ஒரு மூலையில், கால் பங்குக்கு மேல் போகாமல், செய்து பாருங்கள். வருஷம் முழுவதும் இரண்டு பக்கத்துப் பூவையும் தனித்தனியே எடை எழுதி வையுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் என்னைவிட நன்றாகப் பதில் சொல்லும்.

கடைசியாக உப்பு. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்கிணறுகள் போட்டு நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். மேலே எடுக்க எடுக்க, மீஞ்சூர்ப் பக்கம் கடல் அடிவழியாக உள்ளே நுழைந்தது. என் வீட்டுக் குழாயில் வருவதில் உங்கள் நிலத்தடி நீரும் ஒரு காலத்தில் சேர்ந்திருந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். அந்தப் பக்கத்துப் போர்களில் பல இன்று மல்லிகைக்கு ஆகாது. மல்லிகை உப்புத் தாங்கும் செடி அல்ல. முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்து வந்தாலும், பாத்தியின் மேல் வெள்ளைப் பூத்தாலும் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அப்படிப்பட்ட தண்ணீரைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலேயே தங்கும். விடும்போது ஆழமாக விட்டு உப்பைக் கீழே தள்ளுங்கள். வடிகால் உள்ள நிலத்தில் ஐப்பசி மழை உப்பைக் கழுவிக்கொடுக்கும். வடிகால் வெட்ட அது இன்னொரு காரணம். தொழு உரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யவேண்டாம். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, பெயரும் சர்வே எண்ணும் எழுதி வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுங்கள். மின் கடத்தும் திறன் என்று ஒரு எண் போட்டு வரும். 0.7-க்குள் இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் அந்தக் கிணற்றை நம்பி மல்லிகை நடவேண்டாம். இடைப்பட்டதென்றால் அந்தச் சீட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். சித்திரையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை என்று இரண்டு தரம் பாருங்கள். ஒரே கிணறு இரண்டு எண் சொல்லும்.

எதிர்வீட்டு அம்மாவை விட்டுவிட்டேன். துவைக்கும் தண்ணீரைக் குழாய் போட்டுச் சாக்கடைக்குத் திருப்பினோம். அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாதம் ஒரு தடவை இலையில் தெளித்தோம். மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியில் நான் கத்தரியோடு போனபோது அவர் வாசலை மறித்து, "பச்ச செடிய இப்டி மொட்ட அடிக்க சொல்றியே சார், பாவம் இல்லியா?" என்றார். அந்தப் புதரை ஒரு முழத்துக்கு வெட்டிய அன்று முழுக்க என்னோடு பேசவே இல்லை. பங்குனியில் ஒரு நாள் காலையில் வாழை இலையில் மடித்து இரண்டு முழம் பூ என் வீட்டுக்கு வந்தது. கொண்டு வந்த பேத்தி, "ஆயா தண்ணி எப்ப ஊத்தணும்னு கேக்க சொல்ச்சு" என்றாள். ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.